குடியை விட்ட பிறகு கல்லீரல் ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது?

குடியை நிறுத்தி மூன்று வாரம் ஆகிறது. ஒரு சொட்டுகூடத் தொடவில்லை. ஆனாலும் லேபிலிருந்து வந்த ரிப்போர்ட்டில் நாலு வரி தடித்த எழுத்தில் நிற்கிறது. "விட்டுட்டேன்னுதானே சொன்னீங்க, அப்புறம் ஏங்க இது இவ்வளவு இருக்கு?" என்று வீட்டில் கேட்கிறார்கள். உண்மையாகவே விட்டவருக்கு இதைவிட வலிக்கிற கேள்வி இல்லை.

குடி நின்ற அன்றே எல்லா எண்களும் சேர்ந்து இறங்கிவிடாது. சில நாள்கணக்கில் இறங்கும், சில வாரக்கணக்கில், சில மாதக்கணக்கில். எது எவ்வளவு நாளில் இறங்க வேண்டும் என்று தெரிந்துவிட்டால், உயர்ந்து நிற்கும் ஓர் எண் இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறதா, இல்லை வேறொரு நோயைக் காட்டுகிறதா என்று பிரித்துப் பார்க்கலாம். மருந்தை முடிவு செய்வது டாக்டர்தான். ஆனால் கையில் இருக்கும் தாள் என்ன சொல்கிறது என்று தெரிந்து அவர் முன்னால் உட்காருவது வேறு, பயந்துபோய் உட்காருவது வேறு.

இன்னும் நிறுத்தாதவர்கள், நிறுத்தி ஓரிரு நாளே ஆனவர்கள் இதை முதலில் படிக்க வேண்டும். தினமும் அதிகமாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் 6 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் கைநடுக்கம், வியர்வை, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிவது, ஆள் அடையாளம் தெரியாமல் பேசுவது என்று உயிருக்கே ஆபத்தான நிலை வரக்கூடும். ரிப்போர்ட் அப்புறம். அந்த முதல் ஐந்து நாட்களை டாக்டரின் கண்பார்வையில், தயமின் (வைட்டமின் பி1) ஊசியோடும் நடுக்கத்துக்கான மருந்தோடும் கடப்பதுதான் முதல் வேலை. எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14446 என்ற இலவச எண்ணில் கேட்கலாம். வலிப்போ பிதற்றலோ வந்துவிட்டால் யாரையும் கேட்க வேண்டாம், 108-ஐ அழையுங்கள்.

ரத்தம் கொடுக்கும்போது

பாதிக் குழப்பம் லேபிலேயே தொடங்கிவிடுகிறது. குடியை நிறுத்திய வாரத்தில் ஒரு முறை, இரண்டாம் வாரத்தில் ஒரு முறை, பிறகு 4 முதல் 6 வாரத்துக்குள், அப்புறம் 12-வது வாரத்தில், கடைசியாக ஆறாம் மாதத்தில் என்று எடுத்தால் பெரும்பாலோருக்குப் போதும். மஞ்சள் காமாலை இருந்தால் இந்தக் கணக்கு பொருந்தாது, டாக்டர் சொல்லும் நாளில் எடுக்க வேண்டும். மூன்று நாளுக்கு ஒரு முறை ஓடிப்போய் எடுப்பதால் பயம்தான் கூடும்.

எல்லா முறையும் ஒரே லேபில் எடுங்கள். இயந்திரமும் ரசாயனமும் மாறினால் உச்ச வரம்பும் மாறும். ஒரு லேபில் எஸ்.ஜி.பி.டி. என்ற கல்லீரல் நொதியின் வரம்பு 40 என்று இருக்கும், இன்னொன்றில் 55. அதனால் எண்ணை மட்டும் பார்க்காமல், அது வரம்பைப் போல எத்தனை மடங்கு என்று பாருங்கள். 120 என்பது 40-க்கு மூன்று மடங்கு, 60-க்கு இரண்டு மடங்கு. டாக்டர்கள் மனதில் போடும் கணக்கும் இதுதான்.

எடுப்பதற்கு முந்தைய இரண்டு மூன்று நாட்களில் ஜிம், மூட்டை தூக்குவது, நீண்ட ஓட்டம் வேண்டாம். எஸ்.ஜி.ஓ.டி. என்ற இன்னொரு கல்லீரல் நொதி தசையிலும் இருக்கிறது. தசை அடிபட்டால் கல்லீரல் நன்றாக இருந்தாலும் அது ஏறும். நிறுத்திய வாரத்தில் வலிப்பு வந்திருந்தாலோ, இடுப்பில் ஊசிகள் போட்டிருந்தாலோ இதே கதைதான். சந்தேகம் இருந்தால் அதே ரத்தத்தில் சி.பி.கே. என்ற தசைப் பரிசோதனையையும் சேர்க்கச் சொல்லுங்கள். அது ஏறியிருந்தால் எஸ்.ஜி.ஓ.டி.யின் ஒரு பங்கு தசையிலிருந்து வந்தது என்று புரியும்.

ரிப்போர்ட்டின் அடியில் சின்ன எழுத்தில் 'ஹீமோலைஸ்டு சாம்பிள்' என்று ஒரு குறிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். ரத்தம் எடுக்கும்போது அணுக்கள் உடைந்துபோன சாம்பிள் அது. சிவப்பணுவுக்குள் இருக்கும் எஸ்.ஜி.ஓ.டி.யும் பொட்டாசியமும் வெளியே கொட்டி, இரண்டும் பொய்யாக உயர்ந்து தெரியும். அந்த ரிப்போர்ட்டை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள், மறுபடி எடுக்கச் சொல்லுங்கள்.

எல்.எஃப்.டி. (கல்லீரல் செயல்பாட்டுப் பரிசோதனை) என்று மட்டும் சீட்டு எழுதினால் பல இடங்களில் ஜி.ஜி.டி. என்ற நொதி அதில் வராது. ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் பி.டி., ஐ.என்.ஆர். கண்டிப்பாக வராது. அதனால் எல்.எஃப்.டி.யோடு ஜி.ஜி.டி., பி.டி. ஐ.என்.ஆர்., முழு ரத்த எண்ணிக்கை மூன்றையும் சேர்த்து எழுதித் தரும்படி கேளுங்கள். இந்த நான்கும் சேர்ந்தால்தான் முழுப் படம் தெரியும்.

எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி.

இந்த இரண்டும் கல்லீரல் செல்லுக்குள் இருக்கும் நொதிகள். ஏ.எஸ்.டி., ஏ.எல்.டி. என்று அச்சடித்திருந்தாலும் இவைதான். செல் அடிபட்டால் ரத்தத்தில் கசியும். அதாவது இவை காட்டுவது சேதம் நடக்கிறதா என்பதை. கல்லீரல் எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்பதை இவை காட்டாது. பெயரில் 'கல்லீரல் செயல்பாட்டுப் பரிசோதனை' என்று இருப்பதால் வரும் குழப்பம் இது.

குடியால் வந்த சேதத்துக்கு ஒரு தனி அடையாளம் உண்டு. எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி.யைப் போல இரண்டு மடங்கோ அதற்கு மேலோ இருக்கும். மது, செல்லுக்குள் மைட்டோகாண்ட்ரியாவைத் தாக்குகிறது. அங்கே இருக்கும் எஸ்.ஜி.ஓ.டி. வெளியே வருகிறது. கூடவே, குடிப்பவருக்கு வைட்டமின் பி6 குறைந்திருக்கும், எஸ்.ஜி.பி.டி. வேலை செய்ய அந்த வைட்டமின் வேண்டும் என்பதால் அது குறைத்துத் தெரியும். குடியை விட்டு வைட்டமின் மாத்திரை எடுக்கத் தொடங்கியதும் சிலருக்கு எஸ்.ஜி.பி.டி. கொஞ்சம் ஏறித் தெரிவதுண்டு. எஸ்.ஜி.ஓ.டி. இறங்கிக்கொண்டே இருந்தால் அந்தச் சின்ன ஏற்றத்துக்குப் பயப்பட வேண்டாம்.

ரத்தத்துக்கு வந்த எஸ்.ஜி.ஓ.டி. சுமார் 17 மணி நேரத்தில் பாதியாகிவிடும். எஸ்.ஜி.பி.டி.க்கு ஏறக்குறைய இரண்டு நாள். அப்படியென்றால் ஒரு வாரத்தில் இரண்டும் நார்மல் ஆக வேண்டுமே என்று தோன்றும். ஆகாது, ஏனென்றால் வீங்கிய செல்கள் ஆறும் வரை கசிவு தொடரும். எஸ்.ஜி.ஓ.டி. இரண்டு முதல் நான்கு வாரத்தில் பெரிதும் இறங்கிவிட வேண்டும். எஸ்.ஜி.பி.டி. இன்னும் சில வாரம் எடுக்கலாம்.

மதுவால் மட்டும் இந்த இரண்டும் 400-ஐத் தாண்டுவது அபூர்வம். 800, 1500 என்று எண் வந்தால் "குடிச்ச பாவம்" என்று விட்டுவிடக் கூடாது. வைரஸ் மஞ்சள் காமாலை, பாராசிட்டமால் அதிகமானது, வேறு மருந்தோ மூலிகையோ, கல்லீரலுக்கு ரத்த ஓட்டம் குறைந்தது என்று வேறு காரணம் இருக்கிறது. அன்றைக்கே காட்ட வேண்டிய எண் அது.

ஜி.ஜி.டி.

வீட்டில் சண்டை வருவது பெரும்பாலும் இந்த வரியால்தான். 300, 600 என்று நிற்கும். நீண்ட நாள் குடித்தவருக்கு ஆயிரத்தைத் தாண்டுவதும் உண்டு. குடியை விட்ட பிறகு இது பாதியாக இரண்டு முதல் மூன்று வாரம் ஆகும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 600-இல் தொடங்கியவருக்கு மூன்று வாரம் கழித்து 300 என்றால் அது நல்ல செய்தி. வரம்பு 55 என்று அச்சடித்திருப்பதால் 300 என்பது தடித்த எழுத்தில்தான் வரும். ஆனால் அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருக்கிறார் என்பதற்கு அதுவே ஆதாரம்.

நார்மலுக்கு வர இரண்டு மூன்று மாதம் ஆவது வழக்கம். அதற்குப் பிறகும் கொஞ்சம் மேலே நிற்கிறது என்றால் குடிதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. கொழுப்புக் கல்லீரல், சர்க்கரை நோய், பித்தக்குழாய் அடைப்பு எல்லாம் ஜி.ஜி.டி.யை ஏற்றும். வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிட்டோயின், கார்பமசெபைன், ஃபீனோபார்பிட்டால் மாத்திரைகளும் ஏற்றும். நிறுத்திய வாரத்தில் வலிப்பு வந்து ஃபெனிட்டோயின் தொடங்கியவருக்கு ஜி.ஜி.டி. இறங்காமல் நிற்பது மாத்திரையால் இருக்கலாம்.

அதனால் ஜி.ஜி.டி.யைப் பொய்கண்டுபிடிக்கும் கருவியாக வீட்டில் யாரும் பயன்படுத்தக் கூடாது. இறங்கிக்கொண்டே வந்தது திடீரென்று இரண்டு மடங்கானால் கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். மெதுவாக இறங்குகிறது என்பதற்காகக் கேட்டால், உண்மையாக இருப்பவரை மறுபடி கடைப்பக்கம் தள்ளிவிடுவோம். உறுதியாகத் தெரிந்தே ஆக வேண்டிய நிலை என்றால் பாஸ்ஃபடிடைல் எத்தனால் என்ற தனிப் பரிசோதனை இருக்கிறது. கடைசி இரண்டு முதல் நான்கு வாரத்தில் குடித்தாரா என்பதை அது காட்டும். எல்லா ஊரிலும் கிடைக்காது. அவருக்குத் தெரிந்து, அவர் சம்மதத்தோடு எடுப்பதே முறை.

ரத்த எண்ணிக்கையில் இரண்டு வரி

எம்.சி.வி. என்பது சிவப்பணுவின் சராசரி அளவு. 80 முதல் 100 வரை நார்மல். குடிப்பவருக்கு 102, 106 என்று பெருத்திருக்கும். ஒரு சிவப்பணுவின் ஆயுள் 120 நாள். பெருத்த பழைய அணுக்கள் தம் காலம் முடிந்து போனால்தான் புதியவை நிறையும். ஆகவே இது மூன்று நான்கு மாதம் எடுக்கும், இரண்டாம் மாதத்தில் 101 இருந்தால் தப்பே இல்லை. நான்கு மாதத்துக்குப் பிறகும் இறங்காவிட்டால் பி12, ஃபோலிக் அமிலம், தைராய்டு மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.

பிளேட்லெட் நேர்மாறு. மது எலும்பு மஜ்ஜையை அமுக்கி வைப்பதால் குடிப்பவருக்கு 80 ஆயிரம், 90 ஆயிரம் என்று கிடக்கும். நிறுத்தியதும் ஓரிரு வாரத்தில் மளமளவென்று ஏறி ஒன்றரை லட்சத்தைத் தாண்ட வேண்டும். சிலருக்கு நாலரை லட்சத்தையும் தாண்டிவிட்டுத் தானே இறங்கும். ஒரு மாதம் சுத்தமாக இருந்தும் ஒரு லட்சத்தைச் சுற்றியே நின்றால், அந்த ஒரு வரியை நான் எஸ்.ஜி.ஓ.டி.யைவிடப் பெரிதாக எடுத்துக்கொள்வேன். கல்லீரலில் தழும்பு விழுந்து, ரத்தம் தேங்கி, வீங்கிய மண்ணீரல் பிளேட்லெட்டைப் பிடித்து வைத்திருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டிய இடம் அது.

பிலிருபின்: விட்ட பிறகு மஞ்சள் வருவது

"குடிச்சிட்டிருந்தப்ப நல்லாத்தான் இருந்தார், விட்டதும் காமாலை வந்துருச்சு" என்று பல வீடுகளில் சொல்வார்கள். மருந்தாகக் கொஞ்சம் குடித்தால் சரியாகும் என்று ஊற்றிக் கொடுத்தவர்களும் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மதுவால் வரும் கல்லீரல் அழற்சியில், குடியை நிறுத்திய பிறகும் முதல் ஓரிரு வாரம் பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி ஏறிக்கொண்டே போகலாம். பல பேர் குடியை விடுவதே உடம்பு முடியாமல் போனதால்தான். நோய் ஏற்கெனவே தொடங்கிவிட்டது, மஞ்சள் பின்னால் தெரிகிறது. குடித்த கடைசி நாளிலிருந்து இரண்டு மாதத்துக்குள் கண் மஞ்சளானால், பிலிருபின் 3-க்கு மேல் போனால், எஸ்.ஜி.ஓ.டி. 50-க்கு மேல், எஸ்.ஜி.பி.டி.யைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் இருந்தால் இந்த அழற்சியைத்தான் முதலில் நினைப்பார்கள்.

இதில் கடுமையைக் கணக்கிட ஒரு சின்ன வாய்ப்பாடு வைத்திருக்கிறார்கள். நோயாளியின் பி.டி. நேரத்திலிருந்து லேபின் கன்ட்ரோல் (ஒப்பிட வைத்திருக்கும் நார்மல்) நேரத்தைக் கழித்து, 4.6-ஆல் பெருக்கி, பிலிருபினைக் கூட்ட வேண்டும். பி.டி. 22 விநாடி, கன்ட்ரோல் 12, பிலிருபின் 9 என்றால் 46-உம் 9-உம் சேர்ந்து 55. இது 32-ஐத் தொட்டாலே கடுமையான நோய். வீட்டில் வைத்து ஜூஸ் கொடுத்துப் பார்க்கிற நிலை இல்லை, கல்லீரல் சிறப்பு மருத்துவர் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிதான்.

மஞ்சள் இறங்கும்போது இன்னொரு விஷயம் மனதைக் குழப்பும். சிறுநீர் வெளுத்துவிடும், பசி வந்துவிடும், கண் மட்டும் மஞ்சளாகவே இருக்கும். பிலிருபினின் ஒரு பகுதி ஆல்புமின் என்ற ரத்தப் புரதத்தோடு ஒட்டிக்கொண்டுவிடுகிறது. ஆல்புமின் பாதியாகவே ஏறத்தாழ 20 நாள் ஆகும் என்பதால் அந்த மஞ்சள் மெல்லத்தான் போகும்.

பிலிருபின் 1.5, 2 என்ற அளவில் வருடக்கணக்காக நின்று, அதில் பெரும்பகுதி இன்டைரக்ட் ஆகவும் மற்ற எல்லாம் நார்மலாகவும் இருந்தால் அது பிறவியிலேயே வரும் கில்பர்ட் என்ற கெடுதல் இல்லாத தன்மையாக இருக்கலாம். விரதம் இருந்தால் இன்னும் கொஞ்சம் கூடும்.

உண்மையில் கல்லீரலின் வேலையைக் காட்டுபவை

ஆல்புமினும் ஐ.என்.ஆரும்தான். ஆல்புமினையும், ஐ.என்.ஆர். அளக்கும் ரத்தம் உறைய வைக்கும் புரதங்களையும் தயாரிப்பது கல்லீரல். ஆல்புமின் 3.5-க்குக் கீழே, ஐ.என்.ஆர். 1.5-க்கு மேலே என்றால் எஸ்.ஜி.ஓ.டி. 35 என்று அழகாக இருந்தாலும் கவலைப்பட வேண்டும். சரியாகச் சாப்பிடாதவருக்கு வைட்டமின் கே குறைந்தும் ஐ.என்.ஆர். ஏறும். ஊசி போட்டு ஓரிரு நாளில் இறங்கிவிட்டால் சிக்கல் வைட்டமினில் இருந்தது, இறங்காவிட்டால் கல்லீரலில். ஆல்புமின் நிதானமாகத்தான் ஏறும். ஒரு வாரத்தில் மாற்றத்தை எதிர்பார்க்காதீர்கள்.

மூன்று ரிப்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்

ஒரு மாதிரிக்கு 46 வயதுக்காரர் என்று வைத்துக்கொள்வோம். நிறுத்திய மூன்றாம் நாள்: எஸ்.ஜி.ஓ.டி. 168, எஸ்.ஜி.பி.டி. 71, ஜி.ஜி.டி. 612, எம்.சி.வி. 104, பிளேட்லெட் 98 ஆயிரம். இருபத்தெட்டாம் நாள்: 49, 44, 205, 101, 2.1 லட்சம். தொண்ணூறாம் நாள்: 31, 58, 88, 96, 2.3 லட்சம்.

முதல் தாளில் எஸ்.ஜி.ஓ.டி. இரண்டு மடங்குக்கு மேல், எல்லாமே மதுவைக் காட்டுகிறது. இரண்டாவதில் ஐந்தில் நான்கு இன்னும் தடித்த எழுத்தில்தான் இருக்கும், ஆனால் ஒவ்வொன்றும் தனக்குரிய வேகத்தில் வந்துகொண்டிருக்கிறது, பிளேட்லெட் துள்ளி எழுந்துவிட்டது. பார்க்க வேண்டியது மூன்றாவதில். எஸ்.ஜி.ஓ.டி. நார்மல், எஸ்.ஜி.பி.டி. மட்டும் திரும்ப ஏறி, அதைத் தாண்டிவிட்டது. இது குடித்தவரின் உருவம் இல்லை. கொழுப்புக் கல்லீரலின் உருவம். எடை எவ்வளவு கூடியது என்று கேட்டால் விடை கிடைக்கும். குடியை விட்டவர்களுக்கு இனிப்பு மேல் ஆசை பொங்கும். அந்த நேரத்துக்கு இரண்டு ஜிலேபி, மூன்று சர்க்கரை போட்ட டீ, ஒரு பாட்டில் கூல்டிரிங்க் என்று ஓடும். குடிக்காமல் இருக்க அது உதவினால் முதல் மாதம் நான் தடுக்க மாட்டேன். மூன்றாம் மாதத்திலிருந்து குறைக்க வேண்டும். எடை கூடியவருக்கு மொத்த உடல் எடையில் நூற்றுக்கு ஏழு முதல் பத்து பங்கு குறைந்தாலே கல்லீரல் அழற்சி நன்றாக அடங்கும்.

எதிர்பார்த்தபடி இறங்காவிட்டால்

மூன்று மாதம் சுத்தமாக இருந்தும் எஸ்.ஜி.பி.டி. மேலேயே நின்றால், முதலில் ஹெபடைடிஸ் பி, சி என்ற கல்லீரல் வைரஸ்கள் இரண்டையும் பாருங்கள். குடித்த காலத்தில் இவற்றை யாருமே பார்த்திருக்க மாட்டார்கள், பழி முழுதும் பாட்டில் மேல் விழுந்திருக்கும். 2018-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளில் இதற்குப் பரிசோதனையும் மருந்தும் இலவசம். ஹெபடைடிஸ் சி பெரும்பாலும் 12 வாரம் மாத்திரை சாப்பிட்டால் முழுதும் குணமாகிவிடுகிற நோய்.

அடுத்தது மருந்துகள். காசநோய்க்குக் கொடுக்கும் ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு மூன்றுமே கல்லீரலைத் தொடக்கூடியவை. வாந்தி, பசியின்மை, மஞ்சள் என்று ஏதாவது தெரிந்தால் அடுத்த வேளை மாத்திரைக்கு முன் மாத்திரை தரும் காசநோய் மையத்துக்குப் போய்க் காட்டுங்கள், நீங்களாக முழுக் கோர்ஸையும் கைவிடாதீர்கள். குடி மறக்கக் கொடுக்கும் டைசல்ஃபிரம் அபூர்வமாகக் கடும் கல்லீரல் அழற்சியைத் தரும், பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று மாதத்துக்குள். தொடங்கும் முன்னும், தொடங்கி இரண்டு வாரத்திலும் எல்.எஃப்.டி. பார்ப்பது அதற்காகத்தான். குடியை விடக் கொடுக்கும் இன்னொரு மருந்தான நால்ட்ரெக்சோனுக்கும் அவ்வப்போது பார்ப்பார்கள். அதே வகையில் வரும் அகாம்ப்ரோசேட் கல்லீரலைத் தொடாது, அதற்குச் சிறுநீரகத்தைக் காட்டும் கிரியாட்டினின் பார்க்க வேண்டும்.

வீட்டில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். அவருக்குத் தெரியாமல் சாம்பாரிலோ காபியிலோ 'குடி மறக்கும் பொடி' கலந்து கொடுத்திருந்தால், டாக்டரிடம் தனியாகவாவது சொல்லிவிடுங்கள். அதில் டைசல்ஃபிரம் இருந்து, அவர் அதன்மேல் குடித்தால் உயிர் போகும் அளவுக்கு ரத்த அழுத்தம் விழலாம். கல்லீரல் ஏன் கெடுகிறது என்று தெரியாமல் டாக்டர் இருட்டில் தேடிக்கொண்டிருப்பார்.

மூலிகை என்றதும் கீழாநெல்லி. 1988-இல் சென்னை ஆய்வாளர்கள் லான்செட் மருத்துவ இதழில் எழுதியது ஹெபடைடிஸ் பி வைரஸைப் பற்றி. பின்னால் வந்த ஆய்வுகளில் அந்தப் பலன் அப்படியே திரும்பக் கிடைக்கவில்லை. மதுவால் கெட்ட கல்லீரலுக்கு அது மருந்து என்று யாரும் நிரூபிக்கவில்லை. கீழாநெல்லியைவிட எனக்குக் கவலை, கொரோனா காலத்திலிருந்து பரவிய சீந்தில், அமுக்கரா மாத்திரைகள். இரண்டிலும் கல்லீரல் அழற்சி வந்ததை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். எண் இறங்காத காலத்தில் எல்லாச் சூரணத்தையும் லேகியத்தையும் நிறுத்தி, ஒரு மாதம் கழித்து எல்.எஃப்.டி. எடுங்கள். அந்த ஒரு மாதமே பல நேரம் விடையைச் சொல்லிவிடும்.

எல்.எஃப்.டி.யில் வரும் ஏ.எல்.பி. என்ற நொதியும் ஜி.ஜி.டி.யும் சேர்ந்து உயர்ந்தால் பித்தக்கல், பித்தக்குழாய் அடைப்புக்கு ஸ்கேன் வேண்டும். ஏ.எல்.பி. மட்டும் உயர்ந்து ஜி.ஜி.டி. நார்மல் என்றால் எலும்பிலிருந்து வந்திருக்கலாம், வைட்டமின் டி பாருங்கள்.

எல்லாம் நார்மல் என்றாலும்

தழும்பு விழுந்த கல்லீரல், அதாவது சிரோசிஸ், குடியை விட்ட பிறகு முழு நார்மல் எஸ்.ஜி.ஓ.டி.யோடு அமைதியாக இருக்க முடியும். "எல்லாம் நார்மல் ஆயிடுச்சு, இனி லைட்டா பீர் மட்டும்" என்று தொடங்குவது இந்த இடத்தில்தான். எனவே பத்துப் பதினைந்து வருடம் குடித்தவர்கள் ஃபிப்-4 என்ற கணக்கை ஒரு முறை போட்டுப் பார்க்க வேண்டும். வயதை எஸ்.ஜி.ஓ.டி.யால் பெருக்குங்கள். பிளேட்லெட்டை ஆயிரத்தில் எழுதி, எஸ்.ஜி.பி.டி.யின் வர்க்கமூலத்தால் பெருக்குங்கள். முதல் விடையை இரண்டாவதால் வகுங்கள்.

வயது 46, எஸ்.ஜி.ஓ.டி. 58, எஸ்.ஜி.பி.டி. 49, பிளேட்லெட் 1.10 லட்சம் என்றால்: 46-ஐ 58-ஆல் பெருக்க 2668. 49-இன் வர்க்கமூலம் 7; 110-ஐ 7-ஆல் பெருக்க 770. வகுத்தால் 3.46. இது 1.3-க்குக் கீழ் இருந்தால் பெரிய தழும்பு இருக்க வாய்ப்புக் குறைவு, 65 வயதுக்கு மேல் என்றால் 2 வரை பொறுக்கலாம். 2.67-க்கு மேல் போனால் கண்டிப்பாக மேலே பார்க்க வேண்டும். பிளேட்லெட் 2.5 லட்சமாக இருந்திருந்தால் அதே ஆளுக்கு 1.52தான் வரும். ஒரே ஒரு எண் எவ்வளவு மாற்றுகிறது பாருங்கள். அதனால்தான் நிறுத்திய முதல் வாரத்தில் இந்தக் கணக்கைப் போடக் கூடாது. எஸ்.ஜி.ஓ.டி. ஏறியும் பிளேட்லெட் இறங்கியும் இருக்கும் அந்த நேரத்தில் எல்லோருக்கும் சிரோசிஸ் போலத் தெரியும். ஆறாம் வாரத்துக்கு மேல் போடுங்கள்.

சந்தேகம் வந்தால் ஃபைப்ரோஸ்கேன், அதாவது கல்லீரலின் விறைப்பை அளக்கும் ஸ்கேன். எடுப்பதற்கு முன் மூன்று மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது, டீகூட. கிலோபாஸ்கல் என்ற அளவில் எண் வரும். 8-க்குக் கீழ் என்றால் ஆறுதல், 12.5-ஐத் தாண்டினால் சிரோசிஸை நினைப்பார்கள். வீங்கிய கல்லீரலும் விறைப்பாகத்தான் இருக்கும் என்பதால், இதையும் அழற்சி அடங்கிய பிறகே எடுக்க வேண்டும். முதல் வாரத்தில் எடுத்து 20 வந்தவருக்கு இரண்டு மாதம் கழித்து 9 வருவது புதுமை இல்லை. சிரோசிஸ் உறுதியானால் குடியை விட்டிருந்தாலும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை வயிற்று ஸ்கேன் எடுக்க வேண்டும், கட்டி வருகிறதா என்று பார்க்க. உணவுக்குழாயில் ரத்த நாளம் புடைத்திருக்கிறதா என்று எண்டோஸ்கோப்பி பார்க்க வேண்டுமா என்பதையும் டாக்டர் சொல்வார்.

தினமும் செய்ய வேண்டியது

காமாலைக்குப் பத்தியம் என்று மோர்சாதம் மட்டும் கொடுப்பது குடித்து மெலிந்த உடம்பை இன்னும் உருக்கிவிடும். கிலோ எடைக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் வேண்டும். 60 கிலோ ஆளுக்கு 72 முதல் 90 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு தம்ளர் பாலில் 6 கிராம், 50 கிராம் பொட்டுக்கடலையில் சுமார் 10 கிராம் என்று எண்ணிச் சேர்க்க வேண்டும். ராத்திரி படுக்கும் முன் வாழைப்பழமும் பாலும், அல்லது ஒரு பிடி பொட்டுக்கடலை உருண்டை. இரவு முழுதும் பட்டினி கிடந்தால் நோயுற்ற கல்லீரல் தசையைக் கரைத்துத் தின்னத் தொடங்கும். வயிற்றில் நீர் கோத்திருந்தால் ஒரு நாளைக்கு மொத்தம் 5 கிராம் உப்பு, அதாவது ஒரு டீஸ்பூன். ஊறுகாய், அப்பளம், கருவாடு கூடாது. பிளாக் காபி சர்க்கரை இல்லாமல் இரண்டு மூன்று வேளை குடிக்கலாம், கல்லீரலுக்கு நல்லதுதான்.

தலைவலிக்குப் பாராசிட்டமால் ஒரு நாளில் 2 கிராமுக்கு மேல் வேண்டாம், அதாவது 500 மி.கி. மாத்திரை நான்கு. சளி மாத்திரைகளுக்குள்ளும் பாராசிட்டமால் ஒளிந்திருக்கும், அட்டையைப் படித்துக் கூட்டிக்கொள்ளுங்கள். சிரோசிஸ் இருப்பவர் டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் பக்கமே போகக் கூடாது.

கண் மஞ்சள், வயிறு உப்புவது, தார் போல் கருத்த மலம், ரத்த வாந்தி, காய்ச்சல், சிறுநீர் குறைவது, பகலில் தூங்கி இரவில் விழித்துப் பொருத்தமில்லாமல் பேசுவது: இவற்றில் ஒன்று வந்தாலும் அடுத்த ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இரும்புச்சத்து மாத்திரையும் மலத்தைக் கறுப்பாக்கும், ஆனால் பிசுபிசுக்காது, நாறாது.

டாக்டரிடம் போகும்போது ஒரு நோட்டில் கோடு போட்டு எழுதிக்கொண்டு போங்கள். முதல் பத்தியில் தேதி, அடுத்ததில் கடைசியாகக் குடித்து எத்தனை நாள், பிறகு எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி., ஜி.ஜி.டி., பிலிருபின், ஆல்புமின், ஐ.என்.ஆர்., பிளேட்லெட், எம்.சி.வி., கடைசியில் எடை. சாப்பிடும் எல்லா மாத்திரையின் அட்டையையும், நாட்டு மருந்து டப்பாவையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். நடுவில் ஒரு நாள் தவறிக் குடித்துவிட்டிருந்தால் அந்தத் தேதியையும் அதே நோட்டில் மறைக்காமல் எழுதுங்கள். எழுதாவிட்டால், அந்த ஒரு நாளால் ஏறிய எண்ணுக்குக் காரணம் தேடித் தேவையில்லாத பத்துப் பரிசோதனைகள் எடுக்க வேண்டி வரும்.